உங்க கார் ஃபோட்டோவுக்கு ஹெச்.டி.ஆர் லுக்... எங்கே நிறுத்தணும் தெரியுமா?

எங்க வீட்டு மாருதி 800-ஐ விற்கிறதுன்னு முடிவானதும், ஃபோட்டோ எடுக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. பெசன்ட் நகர் பீச் ரோட்டுல காலையில நிறுத்தி பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தேன். எல்லாத்துலயும் வானம் வெள்ளைக் காகிதம் மாதிரி வெளுத்துப்போச்சு, கார் கறுப்பு நிழலா நின்னுச்சு. நேர்ல பார்க்கும்போது அப்படியில்லையே! மொபைல் ஆப்பைத் திறந்தேன். ஹெச்.டி.ஆர்னு ஒரு ஃபில்டர் இருந்தது. அதை முழுசா ஏத்திவிட்டேன். வானத்துல மேகம் வந்துச்சு, காருக்கு சினிமா போஸ்டர் மினுமினுப்பு வந்துச்சு. விற்பனைத் தளத்துல போட்ட ஒரே நாள்ல ஆறு பேர் போன் பண்ணாங்க. நேர்ல வந்தவர் காரை ஒரு சுற்று சுத்திட்டு, "சார், ஃபோட்டோல இருந்தது இந்த வண்டிதானா?"ன்னு கேட்டுட்டுக் கிளம்பிட்டார். அடுத்து வந்த ரெண்டு பேரும் அதே கதைதான்.

அந்த ஃபில்டர் மேல தப்பில்லை. நான் அதைப் புரிஞ்சுக்காம பயன்படுத்தினதுதான் தப்பு. கார் படங்களுக்கு ஹெச்.டி.ஆர் லுக் கொடுக்கிறது உண்மையில அருமையான விஷயம். விற்கிறதுக்கோ, புது கார் டெலிவரி எடுத்த அன்னிக்கு ஸ்டேட்டஸ் போடுறதுக்கோ, அப்பாவோட பழைய காரை ஞாபகத்துக்கு வெச்சுக்கிறதுக்கோ, எதுக்கு எடுத்தாலும் கண்ணு பார்த்ததைப் படத்துக்குக் கொண்டுவர்ற வழி அது. ஆனா, கண்ணு பார்க்காததையும் அது கொண்டுவந்து ஒட்டிவிடும். அந்த எல்லை எங்கே இருக்குன்னு தெரிஞ்சா போதும்.

ஹெச்.டி.ஆர்னா என்ன?

ஹை டைனமிக் ரேஞ்ச். அதாவது, ஒரு காட்சியில இருக்கிற மிகப் பிரகாசமான இடத்துக்கும் மிக இருட்டான இடத்துக்கும் இடையில உள்ள தூரம் பெருசா இருக்கிறது. ஃபோட்டோகிராபர்கள் இந்த தூரத்தை 'ஸ்டாப்' கணக்குல சொல்வாங்க. ஒரு ஸ்டாப் கூடினா வெளிச்சம் ரெண்டு மடங்கு. 10 ஸ்டாப்னா 1,024 மடங்கு. 14 ஸ்டாப்னா 16,384 மடங்கு. நல்ல டி.எஸ்.எல்.ஆர், மிரர்லெஸ் கேமராக்கள் சுமார் 14 ஸ்டாப் வரை ஒரே கிளிக்ல பிடிக்கும். மொபைல் போனோட சென்சார் சின்னது, அதனால இதைவிடக் குறைவு.

இப்போ காரைப் பாருங்க. உச்சி வெயில்ல பானட்டோட குரோம் எழுத்து சூரியனையே திருப்பி அடிக்குது. சக்கரத்துக்கு மேல இருக்கிற வளைவுக்குள்ள டயர் கன்னங்கரேல்னு உட்கார்ந்திருக்கு. இவ்வளவு வெளிச்ச வித்தியாசத்தை ஒரு மரமோ முகமோ சாதாரணமா கொடுக்காது. நம்ம கண்ணு ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குத் தாவும்போது தானாவே சரிபண்ணிக்கும், மூளை எல்லாத்தையும் சேர்த்து ஒரே படமாக் காட்டும். கேமரா ஒரே அளவுலதான் பார்க்கும். அதனாலதான் வானத்தைக் காப்பாத்தினா கார் இருட்டு, காரைக் காப்பாத்தினா வானம் காலி.

இந்தப் பிரச்னை ஃபோட்டோகிராபி அளவுக்கே பழசு. 1850-களில் பிரான்ஸைச் சேர்ந்த குஸ்தாவ் லு கிரே கடலைப் படமெடுத்தபோது இதேதான் நடந்தது. கடல் தெரிஞ்சா வானம் தெரியல. அவர் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ்னு தனித்தனியா எடுத்து ஒரே பிரின்ட்ல சேர்த்தார். இன்னிக்கு நம்ம போன் செய்றதும் அடிப்படையில அதேதான். இதைக் கம்ப்யூட்டர் கணக்கா மாத்தின முக்கியமான ஆய்வுக் கட்டுரை 1997-ல் வந்தது. எழுதினவங்க பால் டெபவெக், ஜிதேந்திர மாலிக். மாலிக் மதுராவில் பிறந்து ஐ.ஐ.டி கான்பூரில் படிச்சவர். வெவ்வேறு எக்ஸ்போஷர்ல எடுத்த படங்கள்ல இருந்து, அந்தக் காட்சியில உண்மையில இருந்த வெளிச்சத்தைக் கணக்குப்போட்டு எடுக்கிற வழியைச் சொன்னாங்க. 2010-ல் ஐபோனுக்கு ஹெச்.டி.ஆர் வந்தது. 2013-ல் கூகுளோட நெக்ஸஸ் 5-ல் ஹெச்.டி.ஆர் பிளஸ் வந்தது. இப்போ பெரும்பாலான போன்கள்ல நீங்க கேட்காமலே இது ஓடிக்கிட்டிருக்கு.

இந்தக் கடைசி வரிதான் ரொம்ப முக்கியம். உங்க போன் ஒரு படத்தைக் காட்டும்போதே பல ஃப்ரேம்களைச் சேர்த்து, நிழலைத் தூக்கி, வானத்தை இறக்கித்தான் காட்டுது. அதுக்கு மேல நீங்க ஹெச்.டி.ஆர் ஃபில்டரை முழுசா போட்டா, சர்க்கரைப் பொங்கல் மேல சர்க்கரையைத் தூவின மாதிரி. நான் செஞ்சது அதைத்தான்.

அடையாறுல எங்கே, எப்போ?

எடிட்டிங் பத்தி எழுத வந்துட்டு இடத்தைப் பத்திப் பேசுறானேன்னு நினைக்காதீங்க. ஹெச்.டி.ஆர் படத்துல பாதி வேலை எடுக்கிற இடத்துலயே முடிஞ்சிடும்.

சென்னைக் கடல் கிழக்கே இருக்கு. அதனால எலியட்ஸ் பீச் ரோட்டுல காலையில கடலைப் பின்னணியா வெச்சு எடுத்தா சூரியனை நேருக்கு நேர் பார்த்து எடுக்கிறீங்கன்னு அர்த்தம். கார் நிழலாத்தான் வரும். நான் மாட்டினது அங்கேதான். காலையில எடுக்கணும்னா நீங்க கடல் பக்கம் முதுகைக் காட்டி, மணல் ஓரமா நின்னு, காரோட கடல் பார்த்த பக்கத்தை எடுங்க. இளவெயில் நேரா காரின் மேல விழும், ஹெச்.டி.ஆர் தேவையே கொஞ்சம்தான் இருக்கும். மே கடைசியில சூரியன் 5.40 மணி வாக்குல வந்துடும், ஜனவரி கடைசியில 6.35 ஆகும். உதிச்சு அரை மணி நேரத்துக்குள்ள முடிச்சிடுங்க, அதுக்கப்புறம் வாக்கிங் கூட்டமும் வந்துடும்.

கடல் பின்னணிதான் வேணும்னா சாயங்காலம் போங்க. சூரியன் மேற்கே, பில்டிங்குகளுக்குப் பின்னாடி இறங்கினதும் பத்துப் பதினைந்து நிமிஷம் கிழக்கு வானம் கீழே நீலமும் மேலே ரோஸுமா மாறும். பலரும் மேற்கையே பார்த்துக்கிட்டிருக்கிறதால இதைக் கவனிக்கிறதில்லை. அந்த நேரத்துல வானத்துக்கும் காருக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைவு. மொத்த வானமும் ஒரு பெரிய விளக்கு மாதிரி காரோட ஒவ்வொரு வளைவையும் காட்டும். கார் ஃபோட்டோவுக்கு சென்னையில இதைவிட நல்ல வெளிச்சம் எனக்குத் தெரிஞ்சு இல்லை.

காந்தி நகர், கஸ்தூரிபா நகர் பக்கம் மர நிழல் சாலைகள் அழகுதான். ஆனா, இலைகளுக்கு நடுவுல இருந்து விழுற வெயில் பானட் மேல பொட்டுப் பொட்டா இருக்கும். ஹெச்.டி.ஆர் அந்தப் பொட்டுகளை இன்னும் தூக்கிக் காட்டி, காரை சிறுத்தைப்புலி ஆக்கிடும். மேகம் மூடின நாள்ல, இல்லைன்னா வெயில் ஏறாத அதிகாலையில மட்டும் அங்கே எடுங்க. இல்லாட்டி அபார்ட்மென்ட் சுவரோட முழு நிழல் விழுற பக்கம் பார்த்து நிறுத்துங்க.

அடையாறு முகத்துவாரத்துல இருக்கிற உடைஞ்ச பாலம் எல்லாருக்கும் பிடிச்ச ஸ்பாட். 1967-ல் கட்டி, 1977 வெள்ளத்துல உடைஞ்ச பாலம் அது. சினிமாவுல பார்த்துட்டு காரோட போறவங்க உண்டு. அந்தப் பக்கம் ஊரூர் குப்பத்து மீனவர்கள் வலை காயப்போடுற இடம். வலை மேல டயரை ஏத்தாதீங்க, வழியை மறிச்சு நிறுத்தாதீங்க. திரு.வி.க. பாலத்துல காரை நிறுத்திப் படம் எடுக்கிற ஆசையும் வேணாம். ஒரு ஃபோட்டோவுக்காக பின்னால வர்ற பஸ்ஸைப் பிரேக் போட வைக்கக் கூடாது இல்லையா?

கடல் ஓரம் போனா வீட்டுக்கு வந்ததும் காரை நல்ல தண்ணியில கழுவிடுங்க. உப்புக்காத்து என்ன பண்ணும்னு பெசன்ட் நகர்க்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கார் ஒரு கண்ணாடி

நல்லா பாலிஷ் போட்ட கார்னா, நீங்க எடுக்கிறது காரை மட்டும் இல்லை. அதுல தெரியுற வானத்தை, எதிர்வீட்டு கிரில் கேட்டை, ஈ.பி. வயரை, மஞ்சள் டி-ஷர்ட் போட்டு போனைத் தூக்கி நிக்கிற உங்களையும் சேர்த்துத்தான். சாதாரணப் படத்துல இந்தப் பிரதிபலிப்பு மங்கலா இருக்கும். ஹெச்.டி.ஆர் போட்டதும் கதவுல உங்க முகமே தெரியும். அதனால கறுப்பு, இல்லைன்னா அடர்ந்த நிற டிரஸ் போட்டுக்கிட்டுப் போங்க. காரை ரெண்டடி முன்னப்பின்ன நகர்த்தினாலே பாதிப் பிரதிபலிப்பு போயிடும். ஒரு சர்க்குலர் போலரைசர் ஃபில்டர் இருந்தா, அதைத் திருப்பித் திருப்பி விண்ட்ஷீல்டுல விழுற வானத்தைக் குறைக்கலாம். ஆனா உலோகத்துல நேரடியா அடிக்கிற பிரதிபலிப்பை அது எடுக்காது.

சினிமா ஷூட்டிங்ல பார்த்திருப்பீங்க, நடிகர் முகத்துக்குக் கீழ ஒருத்தர் வெள்ளைத் தெர்மோகோலைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். ஸ்டேஷனரி கடையில கிடைக்கிற அதே தெர்மோகோல் அட்டையை சக்கரத்துக்குப் பக்கத்துல, ஃப்ரேமுக்கு வெளியே, வெளிச்சத்தைத் திருப்புற மாதிரி சாய்ச்சு வைங்க. டயரும் வீல் கப்பும் நிழல்ல இருந்து வெளியே வரும். எந்த ஆப்பும் செய்றதைவிட இது இயல்பா இருக்கும்.

இன்னொண்ணு, கழுவுறது. ஹெச்.டி.ஆர் தூசியைப் பெரிதுபடுத்தும். துணி போட்டுத் துடைச்சதால வந்த வட்ட வட்டக் கீறல் இருக்கே, நேர்ல சாய்ச்சுப் பார்த்தாதான் தெரியும். கறுப்புக் கார்ல அது ஹெச்.டி.ஆருக்கு அப்புறம் சிலந்திவலை மாதிரி படம் முழுக்கத் தெரியும்.

மூணு படம், ஒரு படம்

முறையா செய்யணும்னா வழி இது. கேமராவையோ போனையோ ட்ரைபாட்ல வைங்க. ட்ரைபாட் இல்லைன்னா ஸ்டூல் மேல வெச்சு, டைமர் போட்டு எடுங்க. கேமராவை காரோட ஹெட்லைட் உயரத்துக்கு இறக்குங்க, நின்னுக்கிட்டு மேல இருந்து எடுத்தா எந்தக் காரும் பொம்மை மாதிரிதான் தெரியும். ஐ.எஸ்.ஓ 100, அப்பர்ச்சர் எஃப்/8, ஒயிட் பேலன்ஸ் ஒரே அளவு. இதையெல்லாம் மாத்தாம ஷட்டர் வேகத்தை மட்டும் மாத்தி மூணு படம். உதாரணமா சாயங்காலம் நடுப்படம் 1/15 விநாடின்னா, வானத்துக்காக 1/60, நிழலுக்காக 1/4. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ரெண்டு ஸ்டாப். கேமராக்கள்ல இதுக்கு 'ஆட்டோ எக்ஸ்போஷர் பிராக்கெட்டிங்'னு மெனு இருக்கும், மைனஸ் 2, ஜீரோ, பிளஸ் 2 வெச்சுட்டா அதுவே மூணையும் எடுத்துடும். ஃபோகஸை ஒரு தடவை வெச்சுட்டு மேனுவலுக்கு மாத்திடுங்க.

ஹெட்லைட் எரியுற மாதிரி எடுக்கணுமா? அப்போ அதுக்கு மட்டும் இன்னும் ரெண்டு ஸ்டாப் குறைச்சு நாலாவதா ஒரு படம் எடுத்துக்கங்க. இல்லைன்னா விளக்கு இருக்கிற இடத்துல வெள்ளை ஓட்டைதான் இருக்கும். பழைய கார்களோட குரோம் பம்பருக்கும் இந்த நாலாவது படம் உதவும். நம்ம பெருங்களத்தூர்ல ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1961-லிருந்து தயாரிச்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு இன்னும் யார் வீட்டு ஷெட்டுலயாவது இருந்தா, அதோட பம்பரை வெயில்ல எடுத்துப் பாருங்க, புரியும்.

ரா ஃபைல்ல எடுக்கிற வசதி இருந்தா அதுலயே எடுங்க. ஜேபெக் படம் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் வெச்சிருக்கும். நிழலைத் தூக்கும்போது அந்தப் படிகள் கோடு கோடா பிளவுபட்டுத் தெரியும், முக்கியமா சாயங்கால வானத்துல. நல்ல கேமராவுல எடுத்த ஒரே ஒரு ரா ஃபைல்ல இருந்தே பெரும்பாலான கார் படங்களுக்குப் போதுமான ஹெச்.டி.ஆர் லுக் எடுத்துடலாம், மூணு படம் எல்லா நேரமும் தேவையில்லை. சூரியன் ஃப்ரேமுக்குள்ள இருந்தா, இல்லைன்னா காருக்குள்ள இருந்து வெளியே தெரியுற மாதிரி டேஷ்போர்டை எடுத்தா, அப்போ மூணு கட்டாயம்.

இனி எடிட்டிங்

கம்ப்யூட்டர்ல லைட்ரூம் வெச்சிருக்கிறவங்க மூணு படத்தையும் செலக்ட் பண்ணி, 'ஃபோட்டோ மெர்ஜ்'ல ஹெச்.டி.ஆரைத் தட்டினா ஒரே ஃபைலா சேர்த்துக் கொடுத்துடும். அலையும் இலையும் நடந்துபோறவரும் மூணு படத்துலயும் வேற வேற இடத்துல இருப்பாங்க, அது பேய் மாதிரி தெரியும். அதுக்குத்தான் 'டீகோஸ்ட்'. காத்து இல்லாத நாள்ல 'லோ' போதும். காசு செலவழிக்க வேணாம்னா டார்க்டேபிள், ரா தெரப்பி, லூமினன்ஸ் ஹெச்.டி.ஆர் எல்லாம் இலவசம்தான், கத்துக்க கொஞ்சம் பொறுமை வேணும்.

சேர்த்த பிறகு நான் பிடிக்கிற வரிசை இது. முதல்ல ஹைலைட்ஸை இறக்குவேன், மைனஸ் 50 பக்கம். வானம் திரும்பி வந்துடும். அப்புறம் ஷேடோஸை ஏத்துவேன், பிளஸ் 35, 40. டயரோட ஓரம் தெரிய ஆரம்பிச்சதும் கையை எடுத்துடுவேன். அதுக்கப்புறம்தான் முக்கியமான வேலை. பிளாக்ஸைக் கொஞ்சம் கீழே இறக்கணும். நிழலைத் தூக்கினவங்கள்ல பலபேர் இதைச் செய்றதில்லை, அதனாலதான் படம் சாம்பல் பூசின மாதிரி இருக்கு. காருக்கு அடியில ரோட்டுல விழுற நிழல் கறுப்பாவே இருக்கணும். அது வெளுத்தா கார் தரையில நிக்கிற மாதிரி இல்லாம மிதக்கிற மாதிரி தெரியும்.

கிளாரிட்டியும் டெக்ஸ்ச்சரும்தான் ஹெச்.டி.ஆர் லுக்கோட மசாலா. கிளாரிட்டி 10, 15. கிரில், அலாய் வீல், ஹெட்லைட்டு உள்பக்கம், இங்கெல்லாம் மட்டும் பிரஷ்ல தனியா இன்னும் கொஞ்சம் கூட்டலாம். கதவு, பானட் மாதிரி வழவழன்னு இருக்கிற இடங்கள்ல கூட்டவே கூடாது, பெயின்ட் இரும்புத்தகடு மாதிரி ஆகிடும். சாச்சுரேஷனைத் தொடுறதுக்குப் பதிலா வைப்ரன்ஸை 10 ஏத்துங்க.

போன்ல மட்டும் செய்றவங்களுக்கு ஸ்னாப்சீடு போதும். இலவசம், கூகுளோடது. முதல்ல 'டியூன் இமேஜ்' போய் ஹைலைட்ஸைக் குறைங்க, ஷேடோஸை ஏத்துங்க, ஆம்பியன்ஸை பத்துப் பதினைந்து ஏத்துங்க. பெரும்பாலும் இங்கேயே படம் முடிஞ்சிடும். இன்னும் வேணும்னா 'ஹெச்.டி.ஆர் ஸ்கேப்' திறந்து, அதுல 'ஃபைன்' எடுத்து, ஃபில்டர் பலத்தை 20-க்குக் கொண்டுவாங்க. திறந்ததும் அதுவா வைக்கிற அளவு காருக்கு ரொம்ப அதிகம். அதோட எடிட் வரலாற்றுக்குள்ள போய், அந்த ஃபில்டரை விரலால தேய்ச்ச இடத்துல மட்டும் விழ வைக்கிற வசதியும் இருக்கு. சக்கரத்துக்கும் கிரில்லுக்கும் வானத்துக்கும் தேய்ங்க, கதவை விட்டுடுங்க. இந்த ஒரு பழக்கமே உங்க படத்தை மத்தவங்க படத்துல இருந்து பிரிச்சுக் காட்டும்.

நிறத்துக்கு நிறம் கவனம் மாறும். நம்ம ஊர் ரோட்டுல அதிகம் ஓடுறது வெள்ளைக் கார். அதை எடுக்கும்போதே முக்கால் ஸ்டாப் குறைச்சு எடுத்துடுங்க, பானட் வெளுத்துப்போனா எந்த ஆப்பாலயும் திருப்பிக் கொண்டுவர முடியாது. எடிட்டுல வெள்ளை நீலமா மாறுதான்னு பாருங்க, ஏன்னா ஷேடோவைத் தூக்கினா அதுல ஒளிஞ்சிருந்த வானத்து நீலமும் சேர்ந்து வரும். நீல நிறத்தை மட்டும் லேசா குறைச்சா போதும். சிவப்புக் கார்ல வேற சிக்கல். சாச்சுரேஷன் ஏத்தினா கதவுல இருக்கிற மடிப்பெல்லாம் மறைஞ்சு மொத்தமும் ஒரே சிவப்புக் கட்டியா நிக்கும். சிவப்போட பிரகாசத்தைக் குறைச்சுப் பாருங்க, வளைவெல்லாம் திரும்ப வரும். சில்வர், கிரே கார்கள் ஹெச்.டி.ஆருக்குப் பிறந்தவை. அதுல ஆரம்பிச்சுப் பழகுங்க.

ராத்திரி படம்னா ஒரு வார்த்தை. தெருவிளக்கு வெள்ளை எல்.இ.டி, கடை போர்டு ஒரு நிறம், பழைய மஞ்சள் விளக்கு ஒண்ணு ரெண்டு. இதெல்லாம் கலந்து காரின் மேல விழும்போது ஹெச்.டி.ஆர் எல்லா நிறத்தையும் தூக்கும். பானட் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் ஆரஞ்சு. ஒரே வகை விளக்கு இருக்கிற இடமாப் பார்த்து நிறுத்துறதுதான் எளிய வழி.

மிகையாச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

2000-களோட நடுவுல ஃபோட்டோமேட்டிக்ஸ் மாதிரி சாஃப்ட்வேர்கள் பரவினபோது, இணையத்துல ஒரு காலம் இருந்தது. எந்தப் படத்தைப் பார்த்தாலும் புயல் வரப்போற வானம், பெயின்டிங் மாதிரி கார், நியான் புல்வெளி. அப்போ அது புதுசு, பிடிச்சிருந்தது. இப்போ பார்த்தா கல்யாண ஆல்பத்துல ரோஜாப்பூவுக்குள்ள மாப்பிள்ளை பொண்ணு வெச்ச மாதிரி இருக்கும்.

அதோட முக்கிய அடையாளம், காரோட கூரையைச் சுத்தி வானத்துல வர்ற வெள்ளை ஒளிவட்டம். சாமி படத்துல தலைக்குப் பின்னாடி இருக்குமே, அது மாதிரி. சாஃப்ட்வேர் ஒவ்வொரு புள்ளியையும் பக்கத்துப் புள்ளிகளோட ஒப்பிட்டுத்தான் பிரகாசத்தைத் தீர்மானிக்குது. இருட்டான கூரைக்குப் பக்கத்துல இருக்கிற வானத்தை, கூரையோட சேர்த்துத் தூக்கிடுது. அதனால அந்த ஓரம் மட்டும் வெளுத்துடும். ஒளிவட்டம் தெரிஞ்சா ஷேடோ, கிளாரிட்டி, ஃபில்டர் பலம் மூணுல ஏதோ ஒண்ணு அதிகம்னு அர்த்தம்.

என்னோட இன்னொரு வழி ரொம்ப சாதாரணம். எடிட் பண்ணிட்டு போனைக் கீழே வெச்சுட்டு, ஒரு காபி குடிச்சுட்டு வந்து பார்ப்பேன். அரை மணி நேரம் ஸ்லைடரையே பார்த்துக்கிட்டிருந்தா கண்ணு பழகிடும், எவ்வளவு ஏத்தினாலும் பத்தலைன்னு தோணும். திரும்ப வந்து பார்க்கும்போது முதல்ல கண்ணு போறது காருக்கா, எஃபெக்ட்டுக்கா? எஃபெக்ட்டுக்குன்னா எல்லாத்தையும் மூணுல ஒரு பங்கு குறைச்சிடுவேன்.

விற்பனைக்கு எடுக்கிறீங்களா?

அப்போ எல்லை இன்னும் கிட்ட வந்துடுது. வெளிச்சத்தைச் சரிபண்றது வேற, பொருளைச் சரிபண்றது வேற. வானம் வெளுத்தது கேமராவோட குறை, அதைத் திருத்தலாம். பம்பர்ல இருக்கிற கீறல் காரோட குறை, அதை 'ஹீலிங்' டூல்ல அழிச்சா வாங்க வர்றவரை ஏமாத்துறதுதான். நிறத்தை மாத்துறதும் அப்படியே. மங்கிப்போன சிவப்பை சாச்சுரேஷன்ல புது சிவப்பா காட்டினா, அடுத்தவர் நம்ம பேச்சை நம்பி தாம்பரத்துல இருந்தோ திருவள்ளூர்ல இருந்தோ லீவு போட்டுட்டு வந்து ஏமாந்து போவார்.

சென்னையில இதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 2015 டிசம்பர் வெள்ளத்துல அடையாறு கரை தாண்டி கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டைக்குள்ள வந்தபோது எத்தனை கார்கள் மூழ்குச்சுன்னு பார்த்த ஊர் இது. 2023 மிக்ஜாம் புயல்ல அபார்ட்மென்ட் வாசல்ல இருந்த கார்கள் அடிச்சுக்கிட்டுப் போன வீடியோவைப் பார்த்தோம். 2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா காரைக் கொண்டுபோய் நிறுத்தினோம். அதனால இங்கே பழைய கார் வாங்குறவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேறு படிஞ்ச கோடு இருக்கான்னு பார்ப்பார், சீட்டுக்கு அடியில போல்ட்டுல துருவைத் தேடுவார். உள்பக்கப் படங்கள் மினுமினுன்னு இருந்தா சந்தேகம்தான் வரும். உள்பக்கத்துக்கு ஹெச்.டி.ஆர் போடுங்க, ஜன்னலுக்கு வெளியேயும் ஃப்ளோர் மேட்டும் ஒரே படத்துல தெளிவா தெரியுற அளவுக்கு மட்டும்.

இன்ஷூரன்ஸ் கிளெய்முக்கு எடுக்கிற படத்துல எந்த எடிட்டும் வேணாம். ஒரிஜினல் ஃபைலை அப்படியே வெச்சுக்கங்க, எடுத்த தேதி, நேரம் அதுக்குள்ளேயே பதிவாகியிருக்கும். பொது இடத்துல போடுற படத்துக்கு இது தலைகீழ். நம்பர் பிளேட்டை மறைங்க. இடம் குறிக்கும் தகவலை எடுத்துட்டுப் போடுங்க. கதவுல தெரியுற பிரதிபலிப்புல உங்க வீட்டு கேட்டும் குழந்தையும் தெரியுதான்னு ஒரு தடவை பெருசாக்கிப் பாருங்க.

எங்க மாருதிக்கு ரெண்டாவது தடவை சாயங்காலம் எடுத்தேன். ஹைலைட்ஸ், ஷேடோஸ், பிளாக்ஸ், அவ்வளவுதான். பின்கதவுக்குக் கீழ உப்புக்காத்துல வந்த துருவை மட்டும் தனியா, கிட்டப்போய், தெர்மோகோல் பிடிச்சுத் தெளிவா ஒரு படம் எடுத்துப் போட்டேன். இந்தத் தடவை ரெண்டே போன்தான் வந்துச்சு. வந்தவர் நேரா அந்தக் கதவுக்கிட்ட போய்க் குனிஞ்சு பார்த்தார். "ஃபோட்டோல பார்த்த அளவுதான் இருக்கு"ன்னு சொல்லிட்டு, பானட்டைத் திறக்கச் சொன்னார்.

அனுப்பும்போது...

இப்போ ஹெச்.டி.ஆர்ங்கிற பெயர்ல இன்னொரு விஷயமும் வந்திருக்கு. சில புது போன்கள்ல ஒரு படத்தைத் திறந்ததும் ஹெட்லைட் மட்டும் ஸ்க்ரீன்ல நிஜமாவே பளிச்னு எரியும். 2023-ல் ஆண்ட்ராய்டு 14-ஓட வந்த 'அல்ட்ரா ஹெச்.டி.ஆர்' அப்படிப்பட்டது. இது நாம இவ்வளவு நேரம் பேசின லுக் இல்லை, ஸ்க்ரீனையே கூடுதலா பிரகாசிக்கச் சொல்ற தகவல் ஃபைலுக்குள்ள இருக்கு. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா அந்தப் பளிச் போயிடும், பழைய போன்ல சாதாரணப் படமாத்தான் தெரியும். அதனால பகிர்றதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கிற வேற ஒரு போன்ல திறந்து பார்த்துடுங்க.

வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா படம் சுருங்கிடும், நீங்க கஷ்டப்பட்டுக் காப்பாத்தின வானத்துல கோடு விழும். டாக்குமென்ட்டா அனுப்புங்க. அப்பாவுக்குப் பிரேம் போட்டுக் கொடுக்கிறதா இருந்தா, பிரின்ட்டுல நிழல் ஸ்க்ரீன்ல தெரிஞ்சதைவிட இன்னும் இருட்டா விழும். ஸ்க்ரீன் வெளிச்சத்தைப் பாதியா குறைச்சு வெச்சு எடிட் பண்ணுங்க, முதல்ல சின்ன சைஸ்ல ஒரு பிரின்ட் போட்டுப் பாருங்க. டயரும் ரோடும் தனித்தனியா தெரிஞ்சதுன்னா பெரிய சைஸுக்குச் சொல்லிடலாம்.